காந்திமதியின் இடது கை

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் கடை திறந்ததும் ஒரு கல்யாணப் பெண். கை எலும்பு அகலம், ஆனால் இரண்டு-நாலு என்கிற சின்ன அளவு வளையல்தான் வேண்டும் என்று அடம். "கையைக் கொஞ்ச நேரம் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கோ தாயி" என்றேன். கை மேலே போனால் ரத்தம் வடிந்து மெலிந்துவிடும். பிறகு கட்டைவிரலை உள்ளே மடக்கி ஒரு அழுத்து, வளையல் ஏறிவிடும். கூட வந்த அம்மாக்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இந்தச் செண்பகவல்லி போட்டுவிடும்போது வளையல் உடைந்ததாகக் கோவில்பட்டியில் ஒருத்தி சொல்லட்டும், அன்றைக்கே கடையை மூடிவிடுகிறேன்.

சாயங்காலம் காந்தி வீட்டுக்குப் போனேன். காந்திமதி என் ஒரே தங்கை. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். போன வருஷம் அவள் இடது மணிக்கட்டுப் பக்கம் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள். தமனி ரத்தம் வேகமாகச் சிரைக்குள் பாய்ந்து பாய்ந்து அது தடித்துப்போய், தடி ஊசியைத் தாங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. முன்கையில் கயிறு மாதிரி புடைத்து நிற்கிறது. விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு. காந்தி தினமும் எழுந்ததும் அதைத்தான் தொட்டுப் பார்ப்பாள், அப்புறம்தான் பல் விளக்குவாள். அதிர்வு இருந்தால் ஓட்டம் இருக்கிறது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, வாட்ச் கூடாது, வளையல் கூடாது.

அவள் மகள் இந்துஜாவுக்கு ஒன்பதாம் மாசம். வருகிற ஞாயிறு வளைகாப்பு. பிரசவத்துக்கு நான்தான் கூட இருக்க வேண்டும் என்று இந்து இப்போதே சொல்லிவிட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை. தூக்கி வளர்த்த பிள்ளை இவள்தான்.

"எல்லாரும் வருவாங்க. ஒரு கை மொட்டையா இருக்கேன்க்கா" என்றாள் காந்தி.

"முந்தானையை இழுத்து விட்டுக்கோ. யாரு பாக்கப் போறா" என்றேன்.

பிப்ரவரி 8, சனி

பச்சையும் சிவப்புமாக வளையல் எல்லாம் பிரித்துக் கட்டியாகிவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்த காந்திக்குத் தலைசுற்றல். பிரஷர் இறங்கியிருக்கிறதாம். எலுமிச்சை சாதத்துக்குப் பழம் பிழிய உட்கார்ந்தவளை எழுப்பிப் படுக்க வைத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சாதத்தில் புளியோதரைதான் முதலில் காலி. இந்துவின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் நானே ஏற்றினேன். ஒன்றுகூட உடையவில்லை என்று சொல்ல வேண்டியதே இல்லை.

சம்பந்தியம்மாவின் அக்கா ஒருத்தி வந்திருந்தாள். காந்தி மகளுக்குச் சந்தனம் பூசக் கையை நீட்டும்போது, "என்ன சம்பந்தி, ஒரு கை வெறுங்கையா இருக்கு, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காந்தி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அவளை அறைக்குள் கூட்டிப் போய் இடது கையிலும் இரண்டு மூன்று வளையல் போட்டுவிட்டேன். போட்டோவுக்காகத்தான். தைத்த இடத்தில் படாமல் பார்த்துப் போட்டேன். எனக்குத் தெரியாதா.

போட்டோவில் காந்தி கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாள்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று ராத்திரி காந்தி வீட்டிலேயே தங்கிவிட்டேன். காலையில் காந்தியின் கைக்குச் சோப்புப் போட்டு வளையலைக் கழற்றினேன். லேசாக வந்துவிட்டது.

அதிர்வு தெரியவில்லை என்கிறாள். நானும் தொட்டுப் பார்த்தேன். இந்தப் பனியில் எனக்கே விரல் மரத்துக் கிடக்கிறது, என்ன தெரியும். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே போறோம், இன்னைக்கே ஓடணுமா" என்றேன். அவள் வீட்டுக்காரர் பால்வண்ணன் வேன் ஓட்டுகிறவர். விடியற்காலையிலேயே மதுரைக்குச் சவாரி போய்விட்டார். இந்து மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறாள். யாரை அனுப்புவது.

கடைக்கு வந்தும் வேலை ஓடவில்லை. ஒருத்திக்கு அளவு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அடைத்துவிட்டது.

டயாலிசிஸ் வார்டு ஜெபராணி சிஸ்டர் விரலை வைத்துப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். திரும்பவும் விரலை வைத்தார். "எப்ப இருந்தும்மா?"

"நேத்துக் காலையில இருந்து" என்றாள் காந்தி.

"நேத்தே வந்திருக்கலாம்ல. உடனே வந்தா சில பேருக்கு அடைப்பை எடுத்துவிட முடியும். இப்ப ரத்தம் உறைஞ்சு கல்லா இருக்கு." பிறகு கேட்டார், "கையில எதையாவது இறுக்கிக் கட்டினீங்களா?"

காந்தி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை, கண் சிமிட்டுகிற நேரம்தான்.

"தூக்கத்துல அமுங்கியிருக்கும் சிஸ்டர். மக ஒட்டிப் படுத்திருந்தா" என்றேன்.

காந்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்தில் தோலைக் கிழித்துக் குழாய் வைத்தார்கள். வெளியே நின்ற எனக்கு அவள் முனகியது கேட்டது. அந்தக் குழாய் வழியாகத்தான் இன்றைக்கு ரத்தம் சுத்தம் செய்தார்கள். அது தற்காலிகம்தானாம். வேறு கையில் புதிதாகத் தைத்து, அது தடித்து வர ஒன்றரை இரண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் குழாயில் கிருமி ஏறாமல் இருக்க வேண்டும்.

பால்வண்ணன் வந்ததும் முதல் கேள்வியே அதுதான். "இவ அன்னைக்கு வளையல் போட்டிருந்தாளே மதினி?"

"போட்டோ எடுத்ததும் கழட்டிட்டேனே" என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இந்து அழுகிறாள். "நான்தான் பெரியம்மா. அன்னைக்கு ராத்திரி அம்மா தோள்கிட்ட தலையை வச்சுத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாக்கும்போதும் அங்கதான் கிடந்தேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லட்டி" என்றேன். வேறு என்ன சொல்வது. அவள் தலை கனமும் கொஞ்சம் காரணமாக இருந்திருக்கலாம். பிரஷர் இறங்கியதும் காரணமாக இருக்கலாம். டாக்டரே இன்னதுதான் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வியாபாரம். முகூர்த்தம் வேறு. பேச நேரமில்லை, நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 18, செவ்வாய்

காந்தி உள்ளே டயாலிசிஸில் இருக்கும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஆய்வகத்தில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கொத்தனார். நர்ஸ் பிள்ளை அவர் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் பட்டைக்குக் கீழே நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. பட்டைக்கு மேலே ஒன்றுமில்லை, தோள் பக்கம் அப்படியே இருந்தது.

"கீழேதான் புடைக்குமா தாயி?" என்று கேட்டேன்.

"ஆமா பாட்டி. இது திரும்பிப் போற ரத்தம்ல. இருதயத்துல இருந்து வர்றது ஆழத்துல வேற குழாய்ல வரும். நீங்க வெளிய பாக்குற நரம்பெல்லாம் ரத்தம் மேல ஏறிப் போற வழி. மேல கட்டினா போற வழி அடைபட்டுக் கீழ தேங்கும்."

என்னைப் பாட்டி என்றாள். வேறு நாளாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். சீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நான் என்ன நினைத்தேன் என்றால், ரத்தம் தோளிலிருந்து விரலுக்கு இறங்குகிறது, மணிக்கட்டில் தைத்த இடம்தான் ஆபத்தான இடம், அதற்கு மேலே என்ன செய்தாலும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தைத்த இடத்தில் தமனி ரத்தம் சிரைக்குள் குதிக்கிறது. குதித்ததும் நேரே மேலேதான் ஓடுகிறது, முன்கை வழியாக, தோளுக்கு, இருதயத்துக்கு. அந்த ஓட்டத்தின் மேல்தான் நான் வளையலை ஏற்றினேன். தினம் பத்துப் பேரிடம் கையைத் தூக்கு, ரத்தம் வடியட்டும் என்று சொல்கிறவள் நான். எந்த வழியாக வடிகிறது என்று முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

ஒன்பதாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். இரண்டு மூன்று என்று எழுதியிருக்கிறேன். போட்டது ஒரு டஜன். பச்சைக் கண்ணாடி. மணிக்கட்டில் தொங்கினால் தையலில் படும் என்று முன்கையின் சதைப் பக்கம் வரைக்கும் தள்ளி, ஆடாமல் இறுக்கி நிறுத்தினேன். அது என் கைத்திறமை. காந்தி, "சிஸ்டர் கூடாதுன்னாங்கக்கா" என்றாள். "அவங்களுக்கு என்ன தெரியும், உங்க அக்கா போடுறது" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, விளக்கு ஏற்றி வைத்த நேரம், காந்தி அடுக்களைக்கு வந்தாள். கை கனக்கிறது என்றாள். விரல் எல்லாம் வீங்கியிருந்தது. சோப்புப் போட்டு இழுத்தேன், ஒன்றுகூட நகரவில்லை. உடைத்தால் உடனே எடுத்துவிடலாம். "உடைச்சிரலாமாக்கா" என்று அவள்தான் கேட்டாள். விளக்கு வைத்த பிறகு, மகள் வளைகாப்பு அன்றைக்கு, சுமங்கலி கை வளையலை உடைக்கிறதா? அதுவும் என் கையாலா? "பொறு, காலையில வீக்கம் வடிஞ்சிரும், நோகாமக் கழட்டுதேன்" என்றேன். அவள் போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு படுத்தாள்.

காலையில் வீக்கம் வடிந்துதான் இருந்தது. எனக்குச் சந்தோஷம். ஓட்டம் நின்றுபோனதால்தான் வடிந்தது என்று இப்போது புரிகிறது. பன்னிரண்டும் முழுசாக வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

வலது கையில் தைத்தார்கள். இடது கையில் மேலே உள்ள நரம்பு மெலிசாக இருக்கிறதாம், தாங்காதாம். சோறு பிசைகிற கை, எழுதுகிற கை. இனி அதிலும் எதையும் தூக்கக் கூடாது.

நான் ஊட்டிவிட்டேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னெல்லாம் ஊட்டினால், உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்று ஏதாவது குற்றம் சொல்வாள். இன்றைக்கு உப்பே போடாத சோற்றைப் பேசாமல் தின்றாள்.

பிப்ரவரி 22, சனி

புதுக் கையில் அதிர்வு இருக்கிறதாம். பால்வண்ணன் சொன்னார். நான் தொட்டுப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

டயாலிசிஸ் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் காந்திக்குக் குளிர் நடுக்கம். கட்டிலே ஆடியது. நாலு கம்பளி போட்டும் பல் அடிக்கிறது. கழுத்துக் குழாயில் கிருமி ஏறிவிட்டது, அது நேரே இருதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற குழாய், அங்கிருந்து உடம்பு முழுக்கப் போய்விடும் என்றார் டாக்டர். வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஊசி மருந்து ஏறுகிறது.

ஒருவேளை அவள் இல்லாமல் போய்விட்டால் எனக்கும் இந்த நோட்டுக்கும் மட்டும்தான் தெரியும். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஏனென்றால் அந்த நினைப்பு வந்தபோது முதலில் வந்தது பயம் இல்லை, ஒரு நிம்மதி.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

இந்துவைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். வயிற்றுப் பிள்ளைக்கு எடை போதவில்லை என்றார் டாக்டரம்மா. "சாப்பிடுறியா இல்லையா?" என்று அதட்டினார். இந்து தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் காலையில் வைத்த இட்லி சாயங்காலம் அப்படியே இருக்கிறது, நான்தான் எடுத்து மாட்டுக்கு வைக்கிறேன்.

ஆட்டோவில் வரும்போது சொன்னாள். "பிள்ளை பொறக்கட்டும் பெரியம்மா. பொறந்ததும் என் கிட்னி ஒண்ணை அம்மாவுக்குக் குடுத்துருவேன். மாமியார் வீட்டுல சொல்லிட்டேன். அவரு ரெண்டு நாளா எங்கிட்டப் பேசல. பேசாட்டிப் போறாரு. நான் படுத்து அமுக்கினதுக்கு நான்தானே குடுக்கணும்."

எனக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆட்டோக்காரர் கேட்பாரே என்று விட்டுவிட்டேன். பொய்யெல்லாம் வார்டு நடுவில், பத்துப் பேர் கேட்கச் சொன்னேன். உண்மைக்கு மட்டும் தனி இடம் தேடுகிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காந்திக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. பால்வண்ணன் இட்லி வாங்கி வந்து தட்டில் வைத்தார். இந்து தட்டைத் தள்ளினாள். "எனக்குப் பசிக்கல, அம்மாவுக்குக் குடுங்க." காந்தி எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "உன்னால இல்லட்டி. எத்தனை தடவை சொல்லட்டும்" என்றாள். இந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்து, உன் தலை இல்ல. என் வளையல்" என்றேன்.

எப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், ஒரு டஜன், மேலே ஏற்றினேன், வீங்கினது, உடைக்கச் சொன்னாள், உடைக்கவில்லை, காலையில்தான் கழற்றினேன், அன்றைக்கே கூட்டிப் போகவும் விடவில்லை என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பால்வண்ணன் கையில் சட்னிப் பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்தபடியே நின்றார். "போட்டோ எடுத்ததும் கழட்டிட்டேன்னு எங்கிட்டச் சொன்னீங்களே."

"பொய்" என்றேன்.

இந்து அவள் அம்மாவிடம் கேட்டாள். "உனக்குத் தெரியும்லம்மா. ஏன் சொல்லல?"

"உன்னால இல்லன்னு தினமும் சொன்னேன். அக்கா பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல" என்றாள் காந்தி. பிறகு என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள். "நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்க்கா. என் உசுரு போறதுக்குள்ள சொல்லுவியான்னு பாத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்து எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே போனேன். வராண்டாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க வீட்டுக்குப் போங்க பெரியம்மா" என்றாள். என்னை அவள் இதுவரைக்கும் 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

மார்ச் 3, திங்கள்

காந்தி போன் செய்தாள். குழாயை மாற்றிவிட்டார்களாம். காய்ச்சல் இல்லையாம். "இந்து காலையில மூணு தோசை தின்னா" என்றாள். நான் ஏதாவது சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

கடை. வீடு. கடை.

மார்ச் 12, புதன்

வளையல் வாங்க வந்த ஒரு அம்மாள், "உங்க தங்கச்சி மகளுக்குப் பொம்பளப் பிள்ளையாமே, ரெண்டே முக்கால் கிலோவாமே, நீங்க ஆஸ்பத்திரியில இல்லியா?" என்றாள். நேற்றே பிறந்துவிட்டதாம்.

"இன்னைக்குப் போகணும்" என்றேன். இன்னொரு பொய். அவள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். எடை கூடியிருக்கிறது. அதற்காகவும் அழுதேன்.

மார்ச் 22, சனி

டயாலிசிஸ் நாள். பால்வண்ணன் காந்தியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருப்பார் போலிருக்கிறது. பதினோரு மணி இருக்கும், கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. இரண்டு பெண்கள் ரப்பர் வளையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று வெளியில் நின்றார்.

"பிள்ளைக்குக் கருப்பு வளையல் வேணும், மதினி" என்றார்.

பிறந்த பிள்ளைக்குப் போடுகிற அளவு மேல்தட்டில் இருக்கும். எடுத்துக் காட்டினேன். ஒன்றை எடுத்து விரல் நுனியில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு அடுத்த அளவு குடுங்க. லூசாவே இருக்கட்டும்."

அடுத்த அளவில் ஒரு ஜோடியை எடுத்துத் தாளில் மடித்தேன். "காந்தி கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாப் புடைச்சு வருது. இன்னும் ஒரு மாசத்துல ஊசி போடலாம்னாங்க." பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். போகத் திரும்பியவர் நின்றார். "வேற கடையிலயே வாங்குதேன்னுதான் சொன்னேன். காந்திதான் உங்ககிட்ட வாங்கணும்னா."

நான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்துவிட்டேன். செருப்பைக்கூடத் தேடினேன். "நான் வேணா இப்பவே வந்து..."

"வேண்டாம் மதினி. நாங்களே போட்டுக்கிடுதோம்."

சரி என்றேன்.